இதர விஷயங்கள்

பதினொரு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
பேசியதை மட்டும்.
இருமலை எழுதுவதில்லை,
நாற்காலி பின்னால் நகர்ந்த ஓசையை எழுதுவதில்லை.
கிளைபேடா துறைமுகத்தில்
நான்கு இழுவைக் கப்பல்கள் உள்ள சிறிய நிறுவனம்.
இயக்குநர்கள் மாறினார்கள்.
என் நாற்காலி கதவருகிலேயே இருந்தது.

வைடோட்டாஸ் காலத்துக் குறிப்புகள் ஒரு பக்கம் தாண்டாது:
தீர்மானம், தேதி, கையொப்பம்.
காலை வணக்கத்தையே மேசையில் தட்டித்தான் சொல்வார்.
சம்பளம் ஒருநாளும் பிந்தியதில்லை,
அதையும் சொல்லியாக வேண்டும்.

ரிம்கவுடே எல்லாரையும் கேட்பாள்.
மாலுமிகளை, கணக்கரை, சூப் ஊற்றும் பெண்ணை.
நான்காம் கப்பலுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று
ஏழு கூட்டங்கள்.
எட்டாவதற்குள்
அது துருவைத் தானே தேர்ந்துகொண்டது.

பிறகு கவுனஸிலிருந்து ஸ்கிர்மண்டாஸ்
அறுபத்து நான்கு படவில்லைகளோடு வந்தார்.
எல்லா அம்புக்குறிகளும்
வலப்பக்கமாக, மேல்நோக்கி.
ஜன்னலுக்கு வெளியே காற்று
தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஐம்பத்தோராவது படத்தில் நான்காம் கப்பல் இல்லை.
விற்றுவிடலாம், மூன்று போதும்,
இதுதான் ஐந்தாண்டு வியூகம்.
"யாருக்காவது மறுப்பு உண்டா?"

இயக்கப் பிரிவுத் தலைவி ஜூரட்டே
ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள்.
சுளைகளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தாள்.
ஒன்றைக்கூடத் தின்னவில்லை.
எழுதினேன்: ஒருமனதாக.

ஆறு பேருக்கு ஒரு மனம் என்றால்
மீதி ஐந்தை எங்கே கழற்றி வைத்தார்கள்?
கோட்டு மாட்டும் கொக்கியிலா?

நவம்பர். இரவு ஒன்பதரை.
தானியக் கப்பல் ஒன்று முகத்துவாரத்தில் வடம் அறுந்து
குறுக்கே திரும்புகிறது.
மூன்று இழுவைகளும் அதைப் பிடித்துக்கொண்டு
மூச்சுத் திணறுகின்றன.
நான்காவது கரையில்,
ஆளில்லாமல், விற்பனை அட்டையோடு.

ஸ்கிர்மண்டாஸ் நனைந்த காலணியோடு ஓடிவந்தார்.
ஒலிவாங்கியை எடுத்தார்.
பொத்தானை அழுத்தினார். விட்டார்.
அறையில் எட்டுப் பேர் அவர் வாயையே பார்த்தோம்.

"ஜூரட்டே, எனக்குத் தெரியாது.
நீங்கள் சொல்லுங்கள்."

அவள் சொல்லத் தொடங்கினாள்.
வீட்டிலிருந்து இரண்டு பேர்,
பீர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து,
இன்னும் ஒரு மடக்கும் குடித்திராத ஒருவன்,
அந்த அட்டையைக் கிழித்துக் கிளம்பினார்கள்.
இயக்குநர் கதவருகே போனார்.
தாழ்ப்பாள் உடைந்த கதவு,
காற்றுக்குத் திறந்து திறந்து அடிக்கும்,
அலைவரிசையில் ஒரு சொல் கேட்காது.
இரண்டு மணி நேரம் அதைத் தோளால் சாத்திக்கொண்டு நின்றார்.
கப்பல் பிழைத்தது.
தடுப்புச் சுவரில் ஒன்பது மீட்டர் கீறல்.

அடுத்த கூட்டம்.
"சென்ற முறைக் குறிப்பை வாசியுங்கள்."
வாசித்தேன்.
ஒருமனதாக என்ற இடத்தில் கை உயர்த்தினார்:
"அந்தச் சொல்லை அடியுங்கள்.
ஜூரட்டே, அன்று ஏன் பேசவில்லை?"

"மறுப்பு உண்டா என்று கேட்டீர்கள்.
என்னிடம் இருந்தது கேள்வி."

கேட்டாள். மூன்று மணி நேரம் ஆயிற்று.
சூப் ஆறிப்போனது, ஒருவர் கோபித்து எழுந்துபோய்
குடையை மறந்ததால் திரும்பி வந்தார்.
வங்கிக் கடன் இருந்தது, டீசல் பாக்கி இருந்தது,
புயல் எந்தத் தவணையையும் கட்டவில்லை.
கடைசியில் கப்பலை விற்கத்தான் முடிவாயிற்று,
பெருங்காற்று மாதங்களுக்கு ஒன்றை
வாடகைக்கு எடுப்பது என்ற நிபந்தனையோடு.
ஆதரவு நான்கு. எதிர்ப்பு இரண்டு.
எதிர்த்தவர்கள் பெயரையும் எழுதச் சொன்னார்.
ஜூரட்டேயின் பெயரை எழுதும்போது
மை கொஞ்சம் கூடுதலாக இறங்கியது.

வசந்தத்தில் அதை ரீகாவுக்கு இழுத்துப் போனார்கள்.
பெயரை அழித்திருந்தார்கள், துருவை அழிக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி.
புயல் இரவின் அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போது
இயக்குநர் சொன்ன அந்த இரண்டு சொற்களுக்கு
படிவத்தில் இடமில்லை.
ஆணையில் சேராது. தீர்மானத்தில் சேராது.
யோசித்து,
கடைசிப் பக்கத்தில்,
தாழ்ப்பாள் பழுதுபார்த்த செலவுக்கு மேலே,
'இதர' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்.