முதல் கட்டம்

கிரேசுனில் ஆகஸ்ட் வந்தால்
எல்லார் நகக்கண்ணிலும் ஹேசல்நட் கறை.
பகலெல்லாம் சரிவில் இடுப்பில் கயிறு கட்டி நின்று
பறித்த கையோடு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
இருபத்து நான்கு கட்டங்கள்.
நள்ளிரவுக்குள் நிரப்பியாக வேண்டும்.

மருந்தியலா பல் மருத்துவமா,
முதல் கட்டத்தில் எது என்பதுதான்
மூன்று வாரமாக எங்கள் வீட்டில்
ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள.

பல்தான், என்கிறாள் அம்மா.
சொல்லும்போதே முக்காட்டு நுனி
வாய்க்கு வந்துவிடுகிறது.
எனக்கு ஒன்பது வயதில் ஒரு கொட்டையைக்
கடித்து உடைத்துத் தந்தாள்.
பருப்பு எனக்கு. ஓட்டோடு போனது அவள் முன்பல்.
அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம்
யார்மீதோ கோபமாக இருப்பவள்போல் இருக்கிறாள்.

மருந்துக்கடை, என்கிறார் அப்பா.
நிழலில் நின்று செய்கிற வேலை.
வேறு காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை.
அவர் கழுத்தைப் பார்த்தால் எனக்கும்.

சித்தப்பா ரிஃபத் உரக்கடை ரசீதின் பின்னால்
இரண்டு பத்தி போட்டுக் கூட்டினார்.
கடை வாடகை, முன்பணம், சரக்கு.
நாற்காலி, துளைக்கும் கருவி, எக்ஸ்ரே பெட்டி.
இரண்டு கூட்டலும் எங்கள் தோட்டத்தைவிடப் பெரியவை.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
தேநீர் கேட்டார்.

ஜூனில் டிராப்ஸோனில் கல்லூரி பார்க்கப் போனபோது
ஒரு மாணவன் மெழுகுக் கட்டியும் கத்தியும் தந்தான்.
கடைவாய்ப்பல் ஒன்று செதுக்கு, என்றான்.
நான்கு குன்று, நடுவே ஒரு பள்ளத்தாக்கு.
எங்கள் ஊரைச் செதுக்குவதுபோல்தான் இருந்தது.
கை நடுங்கவில்லை.
பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது.
மேசை இழுப்பறையில் வைத்தேன்.
இந்த வெயிலில் குன்றுகள் சரிந்து
இப்போது அது வெறும் மெழுகு.

மற்றது ஒரு மழை.
தம்பி யாவுஸுக்கு அப்போது எட்டு வயது, உடம்பு கொதித்தது.
இரவுமுறை மருந்துக்கடையின் ஒற்றைச் சிவப்பு எழுத்து
தெருத் தண்ணீரில் கலைந்து கலைந்து கூடியது.
கையளவு ஜன்னல்.
கொண்டையில் பேனா செருகிய ஷுக்ரான் ஹனிம்
சீட்டை இரண்டு முறை படித்தார்.
பையன் எத்தனை கிலோ?
இருபத்திரண்டு.
யாருக்கோ தொலைபேசினார், தாழ்ந்த குரலில்.
பிறகு அளவு மூடியில் பாதியில் கோடு கிழித்துக் கொடுத்தார்.
தவறு என்று சொல்லவில்லை.
யாருடையது என்றும்.
அப்படியொரு ஜன்னல் இருந்ததே யாவுஸுக்குத் தெரியாது.

பதினொன்றேகாலுக்கு அவன் எழுந்து வந்தான்,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.
பல்.
வீடே என்னைப் பார்த்தது.
அம்மாவின் பார்வையில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

இறங்கி ஓடினேன். அதே எழுத்து, அதே ஜன்னல்,
அதே கொண்டை, வேறு பேனா.
மாத்திரையை நீட்டிச் சில்லறை எண்ணியபடி,
இது பல்லை ஒன்றும் செய்யாது, என்றார்.
விடியும்வரை கொண்டுபோகும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான்.
அந்தச் சொல் படிக்கட்டில் பாதி தூரம்
என்கூடவே ஏறி வந்தது.
விடிந்ததும் எல்லாரும் மறந்துபோகிற
அந்த இருட்டு நேரத்துக்கும் ஓர் ஆள் வேண்டுமே.
சிவப்பு வெளிச்சம் எட்டுகிற கடைசிப் படியில் நின்று
கைபேசியில் முதல் கட்டத்தை நிரப்பினேன்.
இரண்டாவதில் பல்.
உறுதி செய். உறுதியாகவா? ஆம்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.

வீட்டில் அம்மா டார்ச் பிடிக்க
யாவுஸின் வாயைத் திறந்து பார்த்தேன்.
கடைவாயில், இரண்டு பல்லுக்கு நடுவே,
ஓட்டின் சின்னச் சில்லு.
ஊசியைக் கொதிநீரில் முக்கி
மெதுவாக நெம்பினேன்.
எகிறி என் மணிக்கட்டில் விழுந்தது.

போயிருச்சு, என்றான், நாக்கால் துழாவிப் பார்த்து.
அப்பா சிரித்தார். அம்மாவும்,
கையில் டார்ச் இருந்ததால்
வாயை மூட மறந்து.
பிரிக்காத மாத்திரை மேசைமேல் கிடந்தது.
எதை முதலில் போட்டாய் என்று கேட்க
யாருக்காவது தோன்றுவதற்குள்
மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.