ஊசிக்கண்

ஸ்கிரீனை டியூப்லைட் மேசைமேல் சாய்த்துப் பிடித்தால்
வெளிச்சம் ஒழுகுகிற இடமெல்லாம் ஊசிக்கண்.
தூரிகை நுனியில் பச்சைப் பசை தொட்டு அடைக்கவேண்டும்.
சிறுபூலுவப்பட்டி பிரிண்டிங்கில்
ஆறு வருசமாக அதுதான் என் வேலை.

அன்றைக்கு வந்த டிசைனில் மூன்று எழுத்து.
ஒரு மூலைப்பலகை, கழுத்து நீண்ட ஒரு கொக்கு,
கடைசியில் கமா போல ஒன்று.
கொக்குக்கும் கமாவுக்கும் அடியில்
அடுப்புக்குக் கல் கூட்டினாற்போல் மும்மூன்று பொட்டு.
ஆறையும் அடைத்தேன்.
சுத்தமான கை என்று பேர் எனக்கு.

நாலாயிரத்து இருநூறு பீஸ் ஓடி முடிந்தபின்
கிருபாகரன் வந்தான், கையில் போன், முகத்தில் ரத்தமில்லை.
"தெய்வானக்கா, புள்ளியெல்லாம் எங்கீங்க்கா?"
"எந்தப் புள்ளீங்க தம்பி?"

எபிரேயமாம். வலமிருந்து வாசிக்கணுமாம்.
வரிசையில் நிற்பதெல்லாம் மெய்;
உயிர், நான் அடைத்த பொட்டில் இருந்திருக்கிறது.
'யெலெத்' என்றால் பையன்.
பொட்டு போனால் 'யலத்', பெற்றான் என்றும் ஆகுமாம்.
நம்ம புள்ளி தலைமேல் உட்கார்ந்து உயிரை எடுக்கும்.
அவர்களுடையது காலடியில் கிடந்து கொடுக்கிறது.
இதை யாரிடம் சொல்ல? கரண்ட் வேறு போய்விட்டது.

காலையில் பையரின் மெயில்:
எட்டு வயசுக்கு மேற்பட்ட சைஸ் அப்படியே அனுப்பலாம்,
அவர்கள் புள்ளி இல்லாமலே படிப்பார்கள்.
சின்ன சைஸ் மட்டும் திரும்ப அடியுங்கள்.

கூலி நோட்டில் நானும் மூன்று எழுத்துதான்:
டி, வி, என், இங்கிலீஷில்.
நாச்சிமுத்தண்ணன் சனிக்கிழமை தப்பாமல்
"தெய்வானை" என்றே வாசிப்பார்.
அந்த வாரம் மகளுக்குச் சீர், லீவு.
ஒடிசாப் பையன் நோட்டைப் பிரித்துக் கூப்பிட்டான்:
"தேவன்!"
யாரும் எழவில்லை.
"தேவன் யாரு?"
இரண்டாம் தரம்தான் எனக்கு உறைத்தது.
எழுந்துபோய்த் தமிழில் கையெழுத்திட்டேன்,
யகரத்தின்மேல் புள்ளியைத் தாள் பொத்துப்போக அழுத்தி.

கழித்த சட்டைகள் காதர்பேட்டைக்குப் போயின,
கிலோ கணக்கில்.

ரெண்டு மாசம் கழித்துக் குன்னத்தூர் பஸ்ஸில்
எதிர் சீட்டில் ஒரு வாண்டு, அதே சட்டை.
ஐஸ் உருகி ஆரஞ்சாய்
கமாவுக்குக் கீழே சொட்டியது, ஒரு துளி.
அவன் அம்மா துடைக்கக் கை நீட்டினாள்.
இருங்க, இன்னும் ரெண்டு விழட்டும் என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.