குழாய்

ஓலு நகரில் இரவு மூன்று மணி,
மைனஸ் இருபத்தாறு.
காப்பு நிரல் கேட்கிறது: தொடரவா?
விசைப்பலகை முன்னால் யாருமில்லை.
ஐலா போன மாதம் பொருத்திய குழாயிலிருந்து
ஆம் ஆம் ஆம் ஆம் ஆம்
கொட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆறு கேள்விகள் பழையவை.
ஏழாவது, நேற்றைய புதுப்பித்தலில் முளைத்தது:
மூலத்தை அழிக்கவா?
குழாய்க்கு ஏது காது.

காலையில் பூட்ஸில் பனி உருக
நின்றபடியே பதிவைப் படித்தாள்.
நூலகத்தின் இரவல் கணக்கு, பதினோரு வருடம்.
"யார் சம்மதித்தது?" என்றார் ரெய்ஹோ.
அவள் பேசாமல் குழாயைக் கழற்றினாள்.

இன்றிரவும் நிரல் கேட்கும்.
எதிரே சூன்யம்.
ஒரு கணமும் காத்திராமல்
'பதில் சொல்ல ஆளில்லை' என்று எழுதிவிட்டு
பிழை எண் ஒன்றோடு செத்துப்போகும்.

அந்தச் சாவை நம்பித்தான்
ஐலா விளக்கை அணைக்கிறாள்.