மூன்றாம் எண் பொத்தான்

சனி மாலை ஐந்து மணி ஆட்டம்: பூஜ்யம்.
ஏழரை மணி ஆட்டம்: பூஜ்யம்.
இரவு பத்து மணி ஆட்டம்: ஒருவர்.
பெண். நாற்பத்தொன்றுக்கு மேல், ஐம்பதுக்குள்.
பதினோரு வாரமாக
விசில் முதல் விசில் வரை.

மும்பையிலிருந்து கேட்டார்கள்:
ஆசீர், அந்த வீட்டுப் பெட்டி பழுதா?
முக்கூடலில் எந்தப் பெண்
நடுராத்திரி வரை இங்கிலாந்துப் பந்து பார்ப்பாள்?
போய்ப் பார்த்து எழுது.

பேட்டை தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
பெட்டி இருக்கும் வீடு எதுவென்று
தெருவுக்குத் தெரியக் கூடாது.
எதிர்வீட்டுக்கு நான் கேபிள்காரன்.

முப்பிடாதி மடியில் சுளகு.
சுளகில் இலை, தூள், நூல்.
நிமிராமல் பதில் சொன்னாள்:

"அஞ்சு மணிக்கு கடை வரிசையில நிப்பேன், தம்பி.
ஏழரைக்கு எல வெட்டணும்.
கத்திரி பிடிச்சிருக்கும்போது கண்ணு அங்க இங்க போவக் கூடாது.
பத்துக்குத்தான் சுத்த உக்காருவேன்.
நாடகம் போட்டா
அவளுவ அழுததப் பாத்து வெரலு நின்னுரும்.
பாட்டு போட்டா ஒறக்கம் வந்துரும்.
இதுல ஒரு எரச்சல் இருக்கு, தகரத்துல மழ பெஞ்ச மாதிரி.
ஒரு விசிலுக்கு மூணு கட்டு.
மறு விசிலுக்கு மூணு."

ஞாயிறு ஒன்பது மணி ஆட்டம்?
"அன்னைக்கு அவுக வீட்ல.
ரிமோட்டு அவுக கையில."

கட்டுக்கு இருபத்தைந்து.
தொண்ணூறு நிமிடத்துக்கு நூற்றைம்பது பீடி.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

யார் ஜெயிக்கணும்னு நினைப்பீங்க, என்றேன்.
அதுவும் படிவத்தில் இல்லாத கேள்விதான்.
பாளையங்கோட்டைக்காரன், கேட்காமல் வர முடியவில்லை.

"ஓடுதவனுவள நான் பாக்கதே இல்ல.
கம்பத்துக்கு நடுவுல ஒருத்தன் நிக்கான்லா,
அவனத்தான் தெரியும்.
நூறு தடுத்தாலும்
விட்ட ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுதானுவ.
எங்க கடையிலயும் அப்படித்தான்.
கழிவு எத்தனன்னுதான் மொதல்ல எண்ணுவான்."

அவள் அழுத்தும் மூன்றாம் எண் பொத்தான்
எங்கள் கணக்கில் ஒருத்தி அல்ல,
பல்லாயிரம் பெண்கள்.
ராத்திரி பத்தானால்
பொருநைக் கரை நெடுகப் பெண்கள்
மூலை உதைக்குக் காத்திருப்பதாக
ஒரு கோடு மேலே ஏறும்.
இன்னும் கொஞ்சம் ஏறினால்
இடைவேளையில் சவர பிளேடு போய்
முதுகு வலித் தைலம் வரலாம்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்:
பெட்டி பழுதில்லை. பார்வையாளர் உண்டு.

செவ்வாய்க்கிழமை ஒரு வரி வந்தது:
விலகல் மதிப்பு, நீக்கப்பட்டது.

அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
அவள் இந்த வாரமும் பொத்தானை அழுத்தியிருப்பாள்,
தூள் ஒட்டிய விரலால்.

என் வீட்டில் பெட்டி கிடையாது,
ஊழியர் வீட்டில் வைக்க மாட்டார்கள்.
சனி இரவு, ஆளுக்கு ஒரு கோல்.
எல்லைக்கோட்டில் பலகை உயர்ந்தது:
கூடுதல் நான்கு நிமிடம்.

ஆறு பீடி.
இல்லை, ஏழு.