ஏழாவது மிஷினுக்கு அடியில்

மறு அளவைக்கு வந்த சர்வேயர்
டீ வேண்டாம் என்றார்.
முக்காலிமேல் நின்ற கருவி மூன்று முறை கூவியது.
மேற்குச் சுவரில் தொடங்கித் தரை நெடுக
மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்.
பீரோவைச் சுற்றிக்கொண்டு போகவில்லை அது,
பீரோவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.
ஏழாவது தையல் மிஷினின் அடியில் போய்
கழிவறைக் கதவில் முடிந்தது.
"வடக்கே புதுச்சேரி. தெற்கே தமிழ்நாடு.
இங்க ஒரு கையெழுத்து."

முள்ளோடையில் என் இடம்
நொத்தேர் எழுதின பிரெஞ்சுப் பத்திரத்தில் பாதி,
கடலூர் சார்பதிவாளர் முத்திரையில் மீதி.
இரண்டிலும் சேராத துண்டு ஒன்று
நடுவில் கிடப்பது வாங்கும்போதே தெரியும்.
அதன்மேல்தான் கொட்டகை போட்டேன்.
பாகூரிலிருந்து ஆள் வந்தால் கடலூர் என்பேன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து வந்தால் பாகூர் என்பேன்.
பதினோரு வருஷம்
எந்தச் சட்டமும் உள்ளே வந்து உட்காரவில்லை.

கோடு விழுந்த பிறகு எல்லாம் இரண்டு.
வருகைப் பதிவேடு இரண்டு,
சுவரில் தொங்கும் சட்டச் சுருக்கம் இரண்டு,
முதலுதவிப் பெட்டி இரண்டு.
தெற்கே விரலில் ஊசி ஏறினால்
தமிழ்நாட்டுப் பஞ்சு.
நவம்பர் ஒன்று, விடுதலை நாள்,
வடக்கே ஆறு மிஷின் உறை போர்த்திக் கிடக்க
தெற்கே ஆறு மிஷின்
பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தது.
முந்தின நாளே அமலோற்பவம் கேட்டிருந்தாள்:
"என் மிதி வடக்க, ஊசி தெற்க.
நாளைக்குப் பாதி ஆளா வரட்டுமா?"
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

கோடையில் ஒரு பக்கத்துக் கூலியை உயர்த்தி
அரசாணை வந்தது.
எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.
கணக்கர் மாசிலாமணி போனில் சிரித்தார்:
"பதினைஞ்சடி தள்ளினா போதும் சார்."
பதினைந்தடி.
கால்குலேட்டரில் ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்,
இன்னொரு தடவையும் பார்த்தேன்.
இரவு மைத்துனனைக் கூப்பிட்டேன்.
ஏழு மிஷின்.
இழுக்க இழுக்க மஞ்சள் கோட்டின்மேல் கீறல்,
தெருவில் ஒரு நாய் விடாமல் குரைத்தது.

காலையில் முதலில் வந்தவள் தில்லைக்கரசி.
பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
அவள் மிஷின் நின்ற இடத்தில்
எண்ணெய் குடித்த நான்கு கறுப்பு வட்டம்.
ஸ்டூலை இழுத்து அதற்கு நேரே போட்டு
உட்கார்ந்தாள்.
முன்னால் வெறுங்காற்று. மடியில் கை.
பிறகு ஹபீபா. பிறகு மற்றவர்கள்,
கடைசியில் அமலோற்பவம்,
கோட்டின்மேல், சரியாகக் கோட்டின்மேல்.

மணி பத்து. பதிவேட்டைத் திறந்தேன்.
ஏழு பேர் வந்திருக்கிறார்கள்.
ஏழு பேரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள்.
என்ன எழுதுவது?
பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றினேன்.
தள்ளிவைத்த மிஷின்கள்
வேறொருவர் வீட்டு விசேஷத்தில் நிற்பவை போல்
சுவரோரம் நின்றன.

மத்தியானச் சோற்றுக்குப் பின்
நானே தள்ள ஆரம்பித்தேன்.
யாரும் கை கொடுக்கவில்லை.
மைத்துனன் போனை எடுக்கவில்லை.

அந்த மாதம் முதல் இரு பக்கமும்
உயர்ந்த கூலிதான்.
நல்ல மனசு என்று எழுதிவிடாதீர்கள்.
இரண்டு கணக்கைவிட ஒரு கணக்கு சுலபம்,
மிஷினோ கனம்.

ஒரே ஒரு தொந்தரவு.
ஏழாவது மட்டும் பழைய வட்டத்தில் சரியாக இறங்கவில்லை,
அரை விரற்கடை விலகி
மிதிக்கும்போதெல்லாம் கடகடத்தது.
அமலோற்பவம் எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.
அரசாணையின் நகலை எடுத்து
நான்காய் மடித்து
காலுக்கு அடியில் கொடுத்தாள்.
மிதித்துப் பார்த்தாள்.
இன்னொரு மடிப்பு மடித்தாள்.