ஆணி இருக்கும்வரை

பிடுங்காதே என்றான் எசன்பாய்.
ஆணி உள்ளே இருக்கும்வரை
காற்றும் உள்ளே இருக்கும்.

குதிரை லாடத்து ஆணி. சதுரத் தலை.
நிவாவின் பின்சக்கரத்தில், இடப்பக்கம்,
யாரோ கூப்பிட்டுக் குடிவைத்ததுபோல்
சொகுசாக உட்கார்ந்திருந்தது.
எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன்:
ஒரு குமிழ். கொஞ்சம் யோசித்து
இன்னொரு குமிழ்.

பின்னிருக்கையில் நீலப் பெட்டி.
ஆட்டின் கண்ணில் விடும் தடுப்பு மருந்து,
ஆயிரத்து இருநூறு ஆட்டுக்கு.
பனிக்கட்டி சாயங்காலம்வரை தாங்கும் என்று
நாரின் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
கையெழுத்து உருகாது.

மாற்றுச் சக்கரமா?
போன மாதம் மச்சானுக்குக் கொடுத்திருக்கிறான்.
தற்காலிகமாகத்தான், என்றான்
கணவாயைப் பார்த்துக்கொண்டே.

ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிக்
கால்பம்பை மிதித்தோம்.
மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
டயருக்குக் கொடுக்கும் காற்று
நம் நெஞ்சுக் கணக்கில் கழிகிறது.

மூன்றாம் நிறுத்தத்தில் ஆணி தானாகவே
என் உள்ளங்கையில் விழுந்தது.
டயர் பெருமூச்சு விட்டது.
பசைக்குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது.
எசன்பாய் நம்பர் பலகையின் திருகாணி ஒன்றைக் கழற்றி,
பழைய ட்யூபில் நாடா கிழித்து அதற்குச் சுற்றி,
காது குத்துகிறவனைப்போல் நாக்கைக் கடித்துக்கொண்டு
துளையில் வைத்துத் திருகினான்.

பதினொரு கிலோமீட்டர்.
அவ்வளவுதான் அதன் ஆயுள், குறை சொல்லமாட்டேன்.
பிறகு ஒரு கூர்க்கல்
டயரின் விலாவை விரல்நீளம் கிழித்தது.
விலாவுக்கு வைத்தியம் கிடையாது.
ஒற்றைத் திருகாணியில் தொங்கிய நம்பர் பலகை
டப் டப்பென்று காற்றில் கைதட்டியது.

மமத்கெரிம் அப்போதுதான் வந்தான், குதிரைமேல்.
அது பின்காலை ஊன்றும்போதெல்லாம்
சின்னதாய் ஒரு கிலுக்.
என் கையிலிருந்த ஆணியைப் பார்த்தான்.
இறங்கிக் குளம்பைத் தூக்கிப் பார்த்தான்.
வானத்தைப் பார்த்தான்.
"நேற்றிலிருந்து தேடுகிறேன்" என்றான்.

எசன்பாய் வாயெடுத்தான்,
எடுத்ததை மென்று விழுங்கினான்.

கல்மேல் வைத்துக் கல்லால் தட்டி நிமிர்த்தி
அதே ஆணியை அதே குளம்பில், அதே ஓட்டையில்
அடித்து இறக்கினான் மமத்கெரிம்.
மேய்ச்சல் மேட்டுவரை தாங்குமாம்.
நீலப் பெட்டியைச் சேணத்தில் கட்டினோம்.
மேலே துர்சுனாய் மந்தையை நிறுத்திக் காத்திருப்பாள்.
புறப்படும்போது தன் கத்தியை நீட்டினான்:
"புல் அடையுங்கள். நிறைய."

கால்நடைத் துறையில் பன்னிரண்டு வருடம்.
ஒரு டயர் எவ்வளவு புல் தின்னும் என்பது
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
விளிம்பை நெம்பித் திணித்தோம்,
உதைத்து உட்கார வைத்தோம், மறுபடி திணித்தோம்.
ஒரு பசுவுக்கு இரண்டு நாள் தீனி.

கீழே திரும்பி உருண்டோம்,
நடந்தே போயிருக்கலாம் என்னும் வேகத்தில்.
ஒரு நாய் கூடவே வந்து,
அலுத்து, முந்திப் போனது.

சாலை தொடங்கும் இடத்தில்
கம்பத்தில் மாட்டிய கிழட்டு டயரில்
வெள்ளைப் பெயின்ட்டில் 'வல்கனைசிங்'.
கடைக்காரன் டயரைக் கழற்றிப் பிரித்தான்.
பாதி வெந்த வைக்கோல் சூடாகச் சரிந்தது,
எரிந்த ரப்பரும் அறுவடையும் கலந்த வாசனை.
அவன் எதுவும் கேட்கவில்லை.
"வேறொன்று இருக்கிறது, பழசு.
வருஷக்கணக்கில் ஓடும், இல்லை வாசலோடு நிற்கும். மாட்டவா?"

எசன்பாய் மச்சானுக்குப் போன் போட்டுக்கொண்டே
கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

கடையின் வெள்ளாடு எழுந்து வந்து
கருகாத பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது.
குனிந்து இமையை விலக்கிப் பார்த்தேன்,
பழக்க தோஷம்.
நல்ல கண்.