பன்னிரண்டு கிளிப்

மூன்றாம் குறுக்கு வீதியின் போக்கு உடைந்தது கார்த்திகையில்.
அதைப் பற்றி யார் யாரிடம் கேட்டேன்,
யார் என்ன சொன்னார்கள்,
யார் இன்னும் வாய் திறக்கவில்லை,
இதையெல்லாம் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

முதலில் தலைக்குள் வைத்தேன்.
பிரதேச சபையில் கேட்டதை
நீர்ப்பாசனக் கந்தோரில் கேட்டதாக நினைத்து
களுதாவளையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறி
யாருக்கும் தெரியாத ஒரு கடிதத்தின் கதையை
நின்றபடி விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

சங்கத் தலைவர் கிருபைராசா
ஒரு சீ.ஆர். கொப்பி தந்தார்.
ஏழு நிரல் கீறச் சொன்னார்.
அடிமட்டம் பிடித்துக் கீறினேன், மிக நேராக வந்தது.
மூன்றாம் பக்கத்தில் கோடு மட்டும்தான் இருந்தது.

நிலுஜன் போனில் ஒன்றை இறக்கித் தந்தான்.
சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி,
நடுச்சாமத்தில் ஒரு மணி.
"எல்லாத்தையும் இதே ஞாபகம் வைக்கும் சித்தி."
வைத்தது.
மழைக்குக் கரண்ட் போன மூன்று நாளும்
அந்த ஞாபகத்தோடு
மேசையில் கறுப்பாய்க் கிடந்தது.

பிறகுதான் களுவாஞ்சிகுடிச் சந்தையில்
உடுப்புக் கிளிப் ஒரு டசின்.
குசினி யன்னலில் குறுக்காக ஒரு தங்கூசி.
கேட்டால் ஒரு துண்டு, ஒரு கிளிப்.
மறுமொழி வந்தால் கழற்று.
வேறு சட்டம் இல்லை.
தேங்காய் துருவும்போதும் கண்ணில் படும்.

ஆனால் அவர்கள் "பார்ப்பம்" என்றார்கள்.
றிஸ்மியா மிஸ் அன்பாகச் சொன்னா.
பொறியியலாளர் ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்.
காவலாளியும் சொன்னார், அவரிடம் நான் கேட்கவேயில்லை.
பார்ப்பம் என்பது மறுமொழியா?
கழற்ற மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை.
அந்தத் துண்டுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.
மார்கழி நடுவில் ஒன்பது தலைகீழ்.
"வௌவாலா வளர்க்கிறாய் கா?" என்றாள்
பக்கத்து வளவுச் சுகிர்தமலர்.

வெள்ளம் வந்தது, முழங்கால் மட்டும் நின்றது,
வாவிப் பக்கம் வடிந்தது.

தையில் ஒரு காலை எண்ணிப் பார்த்தேன்.
கிளிப் பன்னிரண்டு.
துண்டு பதின்மூன்று.
கடைசியை என் கொண்டைக் கிளிப் ஒன்று
கடித்துக்கொண்டு தொங்கியது, தலைகீழாக.
இடப்பக்கம் சாயும் நிலுஜனின் எழுத்து:

"ருமேனியா. பிணைக்குக் கையெழுத்து.
கேட்டது வைகாசி.
மறுமொழி: பார்ப்பம்."

நான்தான் சொல்லியிருக்கிறேன்.
எங்கே நின்று, எந்தக் கையில் எதை வைத்துக்கொண்டு,
நினைவில்லை.
நான் கேட்டவைக்கு மட்டும்தானே கட்டினேன் அந்தத் தங்கூசியை.

இரண்டு நாள் தொடவில்லை.
அவனும் ஒன்றும் பேசவில்லை,
வழமைபோல் பிளேன்டீ குடித்தான், சைக்கிளுக்குக் காற்றடித்தான்.

புதன் காலை லொறி வந்தது.
நான்கு சீமெந்துக் குழாய்
மூன்றாம் குறுக்கில் உருளும் சத்தம்.
உலையை இறக்கிவிட்டு ஓடி,
ஐந்து துண்டை ஒரே இழுவையில் கழற்றினேன்.
கை நிறைய வெறும் கிளிப்.

ஒன்றை எடுத்து அவன் துண்டுக்குப் போட்டேன்,
கொண்டைக் கிளிப்பைத் தலையில் செருகிக்கொண்டு.
கையெழுத்து வைப்பேனா, இன்னும் தெரியாது.
துண்டை மட்டும் நிமிர்த்திவிட்டேன்.